இமைக்கும் இடம்

ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே பேருந்தில் இடிபட்டு, ஒரே அலுவலகத்துக்குப் போய்விட்டு, அங்கே என்ன செய்தோம் என்பதை மட்டும் ஒருவருக்கொருவர் மூச்சு விடக் கூடாது என்றால் அது லேசுப்பட்ட காரியமில்லை. அந்த அக்காவும் தங்கையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டில் பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டுப் பழகியது அலுவலகத்திலும் ஒட்டிக்கொண்டது.

வேலை இதுதான். சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் அனுப்பும் டயாலிசிஸ் இயந்திரம் ஒன்று பல மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரம் கெட்டிதான். ஆனால் அதைச் செய்த கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. உள்ளே இருந்த மின்பலகைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. புதுப் பலகை செய்துவிடலாம். அதை இயக்க நிரல் வேண்டுமே? பழைய நிரலை அப்படியே நகலெடுக்க முடியாது. கம்பெனி போனாலும் எழுத்தின் உரிமை போகவில்லை. அது எங்கோ யாரிடமோ பத்திரமாக இருந்தது.

ஆகவே சட்டம் ஒப்புக்கொள்ளும் வழியில் போனார்கள். மேல் மாடியில் படிக்கும் அறை. அங்கே பழைய நிரலைப் பிரித்துப் படித்து, இயந்திரம் என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதுவார்கள். எப்படிச் செய்கிறது என்று எழுதக் கூடாது. கீழ் மாடியில் எழுதும் அறை. அங்கே இருப்பவர்கள் பழைய நிரலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மேலிருந்து வரும் பக்கங்களை மட்டும் நம்பிப் புதிதாக எழுதுவார்கள். இரண்டுக்கும் நடுவே வக்கீலம்மாவின் மேசை. ஒவ்வொரு பக்கமும் அவர் கண்ணில் பட்டுத்தான் கீழே இறங்கும். 'எப்படி' என்ற வாடை அடித்தால் அந்த வரி காலி.

பெரியவள் மேலே படிப்பவள். சின்னவள் கீழே எழுதுபவள்.

சின்னவள் வேலைக்குச் சேர்ந்தபோது அக்காவே போய் உறவைச் சொல்லிவிட்டாள். வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கச்சி. நான் நிம்மதியா இருக்கிறது உங்களுக்கெல்லாம் பிடிக்கலையா?"

ஆனால் இந்த மாதிரி வேலை தெரிந்தவர்கள் வேறு கிடைக்கவில்லை. இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வீட்டில் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார்.

பேசவில்லை. பேசாமல் இருப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது. பெரியவள் கடுகடுவென்று வீட்டுக்குள் நுழைந்து, சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைப்பாள்.

"யாரு மேல கோவம்? மனுஷன் மேலயா, மெஷின் மேலயா? அது மட்டும் சொல்லு."

"அதுவும் சொல்லக் கூடாது."

"சரி, அப்ப தட்டு மேல காட்டாதே. மெதுவா வை."

எழுதும் அறையின் வேலை முடிந்ததும் ஒப்பிடும் கட்டம் வந்தது. இதைப் படிக்கும் அறைக்காரர்கள்தான் செய்ய வேண்டும். பழையதை அறிந்தவர்களுக்குத்தானே புதியதில் அதன் சாயல் தெரியும்? வரிக்கு வரி ஒப்பிடும் கருவி ஏற்கெனவே ஓடி, ஒன்றுமில்லை என்று கைவிரித்துவிட்டது. பாக்கி மனிதக் கண்தான். பெரியவள் பங்குக்கு வந்தது காற்றுக் குமிழிப் பகுதி.

சுத்தமான ரத்தம் உடம்புக்குத் திரும்பும் குழாயில் பெரிய காற்றுக் குமிழி போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்காகக் குழாயின்மேல் ஒரு சென்சார் உட்கார்ந்து காவல் காக்கும். குமிழியைக் கண்டால் நிரல் உடனே குழாயை இறுக்கி, பம்பை நிறுத்தி, கூவும். பழைய நிரலில் இந்தப் பகுதியைப் படித்தபோது பெரியவள் முகம் சுளித்திருந்தாள். காவல்காரன் இடையிடையே கண்ணை மூடிக்கொண்டான். பம்ப் சுற்றச் சுற்ற, குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிரல் சென்சாரைப் பார்ப்பதை நிறுத்தியது. கொஞ்சம் கழித்து மறுபடி பார்த்தது. உயிர் காக்கும் வேலையில் தூக்கமா? யாரோ அரைகுறையாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். எப்படியும் அது 'எப்படி' வகை. பக்கத்தில் அவள் எழுதியது வேறு: பெரிய குமிழியை ஒருபோதும் தவறவிடக் கூடாது, சின்னக் குமிழிக்குப் பொய்யாகக் கூவக் கூடாது. அவ்வளவுதான். அந்தத் தவறு புதியதில் இருக்காது என்று அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட இருந்தது.

இப்போது புதிய நிரலைத் திறந்தாள். எழுதியவர் பெயர் கிடையாது. ஆனால் சின்னவள் எழுத்து அவளுக்குத் தெரியாதா? வீட்டில் துணி மடிப்பதுபோலத்தான் நிரலும் எழுதுவாள், ஓரம் பிசகாமல். ரசித்துக்கொண்டே கீழே இறங்கியவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள்.

இதுவும் கண்ணை மூடியது.

அதே இடத்தில். பம்ப் சுற்றும்போது, அதே கணத்தில். வார்த்தை வேறு, அமைப்பு வேறு, மொழியே வேறு. ஆனால் மூடியது. மூடுவதற்கு முன் கண்டதை நினைவில் வைத்துக்கொண்டது. திறந்தது.

பெரியவள் அந்த வரிகளை மறுபடி படித்தாள். இது எப்படி இங்கே வந்தது? நான் சொன்னேனா? எப்போது? சாப்பிடும்போதா, துணி உலர்த்தும்போதா? எவ்வளவு துழாவியும் ஒரு சொல் கிடைக்கவில்லை.

ஒப்பீட்டுத் தாளின் அடியில், 'சாயல் எதுவும் இல்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். சாயல் இல்லை என்று கருவி சொல்லிவிட்டது. யோசனையின் சாயல் கருவிக்குத் தெரியாது. தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். கையெழுத்துப் போட்டால் முடிந்தது. தங்கை பிழைத்தாள்.

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"மேடம், ஒரு இடத்துல சாயல் இருக்கு."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எழுத்துலயா?"

"எழுத்துல இல்ல. யோசனையில."

"யாரு எழுதினதுன்னு தெரியுமா?"

"பேர் போடல. ஆனா தெரியும். என் தங்கச்சி."

வக்கீலம்மா கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "நீங்க சொல்லாம விட்டிருந்தா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"தெரியும் மேடம்."

"வீட்ல வாய் தவறி ஏதாவது?"

"இல்ல."

"தூக்கத்துல பேசுவீங்களா?"

"தெரியல மேடம். தூங்கிக்கிட்டு இருப்பேனே."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "இன்னிலேர்ந்து அவங்க வேலைய நிறுத்தணும். ஏன்னு சொல்லக் கூடாது. எதுல சாயல்னு அவங்க காதுல விழுந்தா, பழசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சிடும். அப்புறம் இந்த மெஷினுக்கு ஒரு வரிகூட அவங்க எழுத முடியாது."

"சாயல் எப்படி வந்துச்சுன்னு காரணம் ஒண்ணும் கிடைக்கலைன்னா?"

"அந்தப் பகுதிய தூக்கி எறியணும். நகல்னு எழுதி வைக்கணும். எழுதினது யாருன்னும் சேர்த்துத்தான். இந்தத் தொழில்ல அந்த ஒரு வார்த்தை பேரோட ஒட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். எந்தக் கம்பெனியும் வாசலிலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிடும்.

அன்று மாலை சின்னவள் பையை நாற்காலியில் வீசினாள். அது வழுக்கித் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

"என்னை உட்கார வெச்சுட்டாங்க. ஏன்னு கேட்டா சொல்ல முடியாதாம். அந்தம்மா என்னைப் பாக்குற பார்வை இருக்கே, பஸ்ல பர்ஸ் அடிச்சவளப் பாக்குற மாதிரி."

பெரியவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தண்ணி வேணாம். உனக்கு ஏதாவது தெரியுமா?"

"கேக்காதே."

"அப்ப தெரியும்."

"சின்னவளே, கேக்காதேன்னு சொல்றேன்ல?"

"சரிம்மா, கேக்கல. நீ அந்தப் பக்கத்து ஆளாச்சே. உன் வக்கீலம்மாவோடயே போய் குடித்தனம் பண்ணு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால் தேவலாம். சத்தமே வராமல் மெதுவாகச் சாத்தினாள்.

விசாரணை என்று பெயர் வைக்கவில்லை. எழுதிய பகுதிகள் எல்லாவற்றையும் எப்படி யோசித்தாய் என்று சொல்லச் சொன்னார் வக்கீலம்மா. எது சந்தேகம் என்று காட்டிவிடக் கூடாதே. அறையை ஒரு மரத்தடுப்பு இரண்டாகப் பிரித்திருந்தது. அதற்குப் பின்னால் பெரியவள். கசிவு இருந்தால் கண்டுபிடிக்க அவளால்தான் முடியும்.

"தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. யாருன்னு கேக்காதீங்க."

"கேக்கல மேடம். அவங்களுக்கு டீயாவது குடுத்தீங்களா?"

"உங்க அக்கா தூக்கத்துல பேசுவாங்களா?"

"குறட்டைதான். அதைக் கேட்டு ப்ரோக்ராம் எழுத முடியாது மேடம்."

தடுப்புக்குப் பின்னால் பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு பகுதியாகப் போய் குமிழிக்கு வந்தார்கள்.

"இதுவா?" சின்னவளின் குரல் மாறியது. இத்தனை நேரம் இருந்த விறைப்பு அதில் இல்லை. "இது என்னைப் பாடாப் படுத்திடுச்சு. முதல்ல நேராத்தான் எழுதினேன். கண்ண இமைக்காம சென்சாரப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு. பம்ப் வேகமா ஓடினா ஒழுங்கா இருந்துச்சு. மெதுவா ஓட்டினா பொட்டு அளவு குமிழிக்கெல்லாம் கத்துச்சு. நர்ஸுங்க பாவம் இல்லையா? சும்மா சும்மா கத்தினா, நிஜமா கத்துறப்ப திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. எழுத்துல தப்பு தேடினேன், தேடினேன், ஒண்ணும் இல்ல. ஒரு நாள் கடுப்புல, டெஸ்ட் மெஷின்ல உப்புத் தண்ணி ஓடிக்கிட்டிருந்த குழாயப் பிடிச்சேன்."

"பிடிச்சு?"

"விரலுக்குக் கீழ நாடி மாதிரி துடிச்சுது. நல்லா இருந்துச்சு, அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு சுத்துலயும் ஒரு இடத்துல துடிப்பு தயங்குச்சு. தயங்கி, கொஞ்சம் பின்னால வந்துச்சு மேடம். அப்பத்தான் பம்பப் பாத்தேன். உருளைங்கதானே குழாய அமுக்கி அமுக்கித் தள்ளுது? ஒரு உருளை குழாய விட்டு விலகி, அடுத்தது முழுசாப் பிடிக்கிறதுக்குள்ள தண்ணி திரும்பிப் பாக்குது. அந்த நேரத்துல சென்சாருக்கு எதிர்ல ஒரு சின்னக் குமிழி மாட்டினா, முன்னால போயி, பின்னால வந்து, மறுபடி முன்னால போகும். இது ஒரே குமிழியத் திரும்பத் திரும்பப் பாத்துட்டு, ஐயோ பெருசுன்னு கத்துது."

"அதுக்கு என்ன பண்ணீங்க?"

"அந்த நேரத்துல பாக்காதேன்னு சொல்லிட்டேன். கண்ண மூடிக்கோ. ஆனா மூடுறதுக்கு முன்னாடி கண்டத மறக்காதே. திறந்ததும் ரெண்டையும் சேத்துப் பாரு. நிஜமாவே பெரிய குமிழின்னா எங்க ஓடிடும்? திறந்ததும் அங்கதான் நிக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "எழுதுறப்ப பயமாத்தான் இருந்துச்சு. காவலுக்கு இருக்கிறவன் கண்ண மூடலாமான்னு. ஆனா மூடினாத்தான் அதுக்குச் சரியாத் தெரியுது."

பெரியவள் தடுப்பின் மரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

மாதக்கணக்கில் அவள் அந்தப் பழைய நிரலுக்குள் நடமாடியிருக்கிறாள். ஆளில்லாத வீட்டில் அறை அறையாகத் திரிவதுபோல. எழுதியவர் ஆணா பெண்ணா தெரியாது. இருக்கிறாரா இல்லையா தெரியாது. பெயரோ குறிப்போ எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த மூடிய கண்ணைப் பார்த்து, தூங்குமூஞ்சி என்று அவள் மனதுக்குள் வைதிருக்கிறாள். தவறே அல்ல. அந்த ஆளும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் அறையில், பொய்யாகக் கூவும் இயந்திரத்தின் முன்னால் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவரும் ஏதோ ஒரு விதத்தில் அந்தத் தயக்கத்தைத் தொட்டிருக்கிறார். நிரலை எழுத்தெழுத்தாகப் படித்தவளுக்குப் புரியாதது, அதைப் பார்க்கவே பார்க்காதவள் வாயால் இப்போது புரிந்தது.

சின்னவள் போன பிறகு வக்கீலம்மா தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"எனக்கு நம்பிக்கை வந்திடுச்சு," என்றார். "ஆனா நான் நம்பினா போதாது. நாளைக்கு உரிமைக்காரங்க வழக்குப் போட்டா, அவங்க வக்கீல் முதல்ல கேக்குற கேள்வி, ரெண்டு பேரும் ஒரே வீடான்னுதான். அழகாக் கதை சொல்றாங்கன்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாரு."

"அப்ப என்ன பண்றது?"

"அதே பக்கத்தை வேற ஒருத்தர்கிட்ட குடுப்போம். உங்களையும் தெரியாத, உங்க தங்கச்சியையும் தெரியாத ஒருத்தர்."

வேறு கட்டடத்திலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். வந்த முதல் நாளே நாற்காலி சரியில்லை, விளக்கு சரியில்லை, டீ கழுநீர் என்று ஆரம்பித்துவிட்டார். எழுதும் அறை அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்தது. பெரியவள் எழுதிய அந்த ஒரு பக்கத்தையும், உப்புத் தண்ணீர் ஓடும் சோதனை இயந்திரத்தையும் கொடுத்துத் தனி அறையில் விட்டார்கள். அவர் எழுத எழுத, நிரல் மாடிக்கு வரும். பெரியவள் படிப்பாள்.

முதலில் வந்தது நேரான வழி. கண்ணை இமைக்காத காவல். இது மட்டும் தேர்ச்சி பெற்றுவிட்டால், வேறு வழி உண்டு என்று ஆகிவிடும். வேறு வழி உண்டென்றால் சின்னவள் இந்த வழிக்கு எப்படி வந்தாள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. இயந்திரத்தை மெதுவாக ஓட்டினார்கள். பொட்டுக் குமிழிக்குக் கூவியது.

அடுத்து அவர் வேறொன்று எழுதினார். கொஞ்ச நேரம் பார்த்ததை எல்லாம் கலந்து சராசரி எடுக்கும் வழி. பொய்க் கூவல் நின்றது. பெரியவளுக்கு உயிரே போயிற்று. ஆனால் பம்பை வேகமாக ஓட்டியபோது பெரிய குமிழி ஒன்று ஓசைப்படாமல் கடந்து போய்விட்டது. சராசரி அதை விழுங்கிவிட்டது. கீழே அவர் யாரையோ, ஒருவேளை தன்னையேதான், திட்டும் சத்தம் மாடிவரை கேட்டது.

பிறகு சில நாட்கள் ஒன்றுமே வரவில்லை. வீட்டிலும் ஒன்றுமில்லை. சின்னவள் தனக்கு மட்டும் டீ போட்டுக் குடித்தாள்.

ஒரு காலையில் புதிய நிரல் வந்திருந்தது. பெரியவள் திறந்தாள். கரடுமுரடான எழுத்து, முட்புதருக்குள் நடப்பதுபோல இருந்தது. சின்னவளுடையதற்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்லை. வரி வரியாக விலக்கிக்கொண்டு போனாள். பம்பின் சுற்றை அவர் அளக்க ஆரம்பித்திருந்தார். உருளை எங்கே இருக்கிறது என்று கணக்குப் பார்த்தார். அடுத்த வரியைப் படிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. விரலால் மறைத்துக்கொண்டு, பிறகு விரலை எடுத்தாள்.

கண் மூடியது.

அதே இடம்.

தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, சிடுமூஞ்சி வக்கீலம்மாவிடம் சொன்னதையும் கேட்டாள்.

"கொஞ்ச நேரம் பாக்காம விட்டாத்தான் சரியா வருது. ஏன்னு என்னைக் கேக்காதீங்க, குழாயக் கேளுங்க. தண்ணியில மை கலந்து, செல்போன்ல படம் எடுத்து, மெதுவா ஓட்டிப் பாத்தேன். தண்ணி பின்னால போகுது! தள்ளுற பம்புல தண்ணி பின்னால போகுது! மேசையெல்லாம் மை. அதுக்கும் என்னைத்தான் திட்டினாங்க."

"இதுக்கு முன்னாடி இப்படி எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"பாத்திருந்தா முதல் நாளே எழுதிட்டு வீட்டுக்குப் போயிருக்க மாட்டேனா?"

ஒருத்தி விரலால் தொட்டுக் கண்டாள். ஒருவர் மையைக் கலந்து கண்ணால் கண்டார். பழையதை எழுதியவர் எப்படிக் கண்டாரோ, அது அவரோடு போயிற்று. ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இருட்டில் மூன்று திசையிலிருந்து மூன்று பேர் நடந்துவந்து, கை நீட்டியபோது ஒரே பாறையைத் தொட்டதுபோல இருந்தது பெரியவளுக்கு. அந்தப் பாறையை வைத்தது யாருமில்லை. ரப்பர் குழாயும், உருளையும், ஓடும் நீரும் சேர்ந்தாலே அது அங்கே இருக்கும். யாரும் எழுதுவதற்கு முன்பே இருந்தது. இனி யார் எழுத வந்தாலும் இருக்கும்.

வக்கீலம்மா முடிவை எழுதி முடித்துவிட்டு அவளை அழைத்தார்.

"ஒருத்தர் எழுதின விதம்தான் அவருக்குச் சொந்தம். வேலை ஒழுங்கா நடக்க வேற வழியே இல்லைன்னா, அந்த வழி யாருக்கும் சொந்தமில்ல. சட்டம் அப்படித்தான் சொல்லுது. நானும் இதை எத்தனையோ மனுவில எழுதியிருக்கேன்." கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன். ரெண்டு பேர் ஒரே மாதிரி எழுதினா ஒருத்தர் திருடர்னுதான் இத்தனை வருஷமா பாத்திருக்கேன். இப்படி ஒண்ணு நிஜமா நடக்கும்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"அவ பழையபடி எழுதலாமா மேடம்?"

"நாளைக்கே வரட்டும். அவங்க எழுதினதுதான் மெஷின்ல ஏறப்போகுது. அந்த ஆளோட எழுத்தப் படிச்சா எனக்குத் தலைவலி வருது."

"அவகிட்ட..."

"சொல்லக் கூடாது. இன்னிக்கும் சரி, என்னிக்கும் சரி. இந்த மெஷினுக்கு அவங்க இன்னும் எழுத வேண்டியது இருக்கு. பழசுல என்ன இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியவே கூடாது."

பெரியவள் தலையாட்டினாள். அந்த ஆளில்லாத வீட்டின் சொந்தக்காரர் நடந்த இடத்தில் சின்னவள் தானாக நடந்து சேர்ந்திருக்கிறாள். அது சின்னவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாமலே இருக்கும்.

மாலைப் பேருந்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. சின்னவள் மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நிறுத்தம் போயிற்று.

"நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

"தெரியும்."

"மன்னிப்பும் கேக்கல, காரணமும் சொல்லல. எல்லாம் சரியா இருக்கு, எழுதுங்கன்னு மட்டும் சொன்னாங்க." திரும்பினாள். "நீதானே போய்ச் சொன்னே?"

"ஆமா."

"என்ன சொன்னே?"

"சொல்லக் கூடாது."

"எப்பவாவது?"

"எப்பவுமே."

"நல்லதா கெட்டதா? அது மட்டும்."

பெரியவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் முகத்தைச் சாத்தி வைக்க அவளுக்குத் தெரியவில்லை. தங்கையின் கைகளைப் பார்த்தாள். நகம் கடித்த, சாதாரண விரல்கள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவள்போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னக்கா இப்படிப் பாக்குறே? மூக்குல ஏதாவது ஒட்டியிருக்கா?"

"இல்ல."

"அப்ப பாக்காதே. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன்டி."

சின்னவள் ஏதோ சொல்ல வந்தாள். அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் காது சிவந்திருந்தது.